பத்திரிகைப் பேர்களுக்குக் கலர் போட்ட கதை

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை என்பது, ஒரு குடும்பத்தில் யார் இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் ஒரே தாளில் அடக்கி, கீழே 'அனைவரும் வருக' என்று போடுகிற வேலை.

நீங்களும் ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்தவராக இருந்தால், இல்லை, வீட்டு விசேஷத்துக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவராக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதுசு இல்லை. நான் கீரமங்கலத்தில் ஒரு சின்ன பிரஸ்ஸுக்குப் பத்திரிகை மடிக்கிற வேலைக்கு வந்தவள். ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மடிக்கிற தாளையெல்லாம் படித்துப் படித்து, ஒருவழியாகக் கம்ப்யூட்டர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் நான் பிரஸ்ஸக்கா. முதலாளி பாஸ்கர் என்னைவிட வயதில் சின்னவர், அவருக்கும் நான் அக்காதான்.

நான் அடிக்கிற திரையில் பேர்களுக்குத் தனித்தனிக் கலர் வரும். அந்த விதிகளை நானே எழுதி வைத்திருக்கிறேன். எழுதப்போய் என்ன பட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதிலும் வள்ளிக்கண்ணு மகள் கல்யாணப் பத்திரிகை. ஒரு பேருக்கு முன்னால் என்ன வார்த்தை போடுகிறோம் என்பதை வைத்து, பெற்ற ஆத்தா மகளுடைய தாலியைத் தொடலாமா கூடாதா என்று முடிவாக இருந்த பத்திரிகை அது. அதற்கு வருவதற்கு முன்னால் கலர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது.

போனவர் அழைத்த காதுகுத்து

எங்கள் பக்கத்தில் யாரும் பத்திரிகையைப் புதிதாக எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். பங்காளி வீட்டில் போன விசேஷத்துக்கு அடித்த பழைய பத்திரிகையை எடுத்து, தேதியை அடித்து, பிள்ளை பேரை மாற்றி, ஓரத்தில் பேனாவால் நாலு கோடு கிழித்து, "இதே மாதிரி அடிச்சிருங்க" என்பார்கள். பேர்களை விட்டுவிடக் கூடாது, வரிசை பிசகக் கூடாது என்கிற பயம்தான் காரணம். பத்திரிகை அப்படியே இருக்கும். இரண்டு விசேஷத்துக்கும் நடுவில் குடும்பம் அப்படியே இருக்குமா?

ஒரு காதுகுத்துக்கு அப்படிக் கொண்டுவந்தார்கள். பழைய பத்திரிகையில் அழைப்பவராக இருந்த பெரியவர் போன தையில் காலமாகிவிட்டார். வீட்டில் ஒருத்தருக்கும் அந்த வரி கண்ணில் படவில்லை. பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அச்சாகி ஊரெல்லாம் போனபிறகுதான், போனவர் திரு போட்டுக்கொண்டு 'வாருங்கள்' என்று கூப்பிடுவது தெரிந்தது. மகன்மார் கடை வாசலில் வந்து குதித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவருடைய சம்சாரம் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. கணவர் போனதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்த அம்மா அது. மகன்களை விலக்கிவிட்டு என்னிடம் வந்து சொன்னது: "அவுகளே கூப்புட்டுருக்காக. நான் போகாம இருக்க முடியுமாத்தா?"

தொப்பி, புள்ளி, நட்சத்திரம்

அந்தம்மா போனது, சரி. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அம்மா இருக்கமாட்டார்களே. இனிமேல் போனவர் பேரும் இருக்கிறவர் பேரும் கலக்காமல் எப்படிப் பார்ப்பது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வருகிற தம்பி ஒருவர் காதில் விழுந்தது. நாங்கள் முதலில் வெறும் எழுத்தாக ஒரு எடிட்டரில் அடித்துக்கொண்டு, பிறகுதான் டிசைனில் ஊற்றுவோம். அந்த எடிட்டரில், எந்த வார்த்தை வந்தால் எந்தக் கலர் என்று சொல்லி வைக்கலாமாம். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் கலர் போட்டுப் பார்ப்பார்களாம். ஒரே ஒரு விதி எழுதிக் காட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மீதியை அதைப் பார்த்துப் பார்த்து நான் எழுதினேன். தொப்பி மாதிரி ஒரு குறி, அது போட்டால் வரியின் ஆரம்பத்தில் மட்டும் பார்க்கும். புள்ளி போட்டால் எந்த எழுத்தாக இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்தானாலும் வாரிக்கொள்ளும். வரிக்கு ஒரு பேர் என்று அடித்து, 'திரு.' என்று இருந்தால் அந்த வரி பச்சை, 'தெய்வத்திரு.' என்று இருந்தால் சிவப்பு. இவ்வளவுதான் நான் கேட்டது. மாசக்கணக்கில் அது கேட்கவில்லை. சர்வீஸ் தம்பிக்கு போன் போட்டு, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏதாவது கோளாறா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அதுக்குக் கோளாறும் கெடையாது, அறிவும் கெடையாதுக்கா. பாருன்னு நீங்க எதைக் காட்டுறீங்களோ, அதை மட்டும் பாக்கும்."

பச்சையாகிப்போன திருமயம்

நான் காட்டியது என்ன தெரியுமா? 'திரு'வுக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளி என்றால் அதற்கு எந்த எழுத்தும் சரிதானே. புள்ளியைப் புள்ளியாகவே பார்க்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும், அது எனக்குத் தெரியாது. தொப்பியும் வைக்கவில்லை. அதனால் திருமணம் பச்சை. திருமயம் பச்சை. திருச்சி மெயின்ரோடு பச்சை. திருநிறைச்செல்வி பச்சை. ஆவூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பத்திரிகையில் அருட்திரு என்று சாமியார் பேர் வந்தது, அவர் முன்பாதி வெள்ளையும் பின்பாதி பச்சையுமாக நின்றார்.

அதுகூடப் பரவாயில்லை. தெய்வத்திரு என்பதற்குள்ளேயும் ஒரு திரு இருக்கிறதே. அங்கே 'தெய்வத்' மட்டும் தனியாக நின்று, மீதி வரியெல்லாம் பச்சையாக, உயிரோடு இருந்தது. போனவர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்த மாதிரி. பாஸ்கர் பின்னால் வந்து நின்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அப்பா தவறி ரொம்ப நாள் ஆகவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா பேரையும் ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கக்கா, அப்பறமா சரி பண்ணிக்கலாம்."

யாருக்கு முதல் விதி

சாய்கோடும் போட்டு, தொப்பியும் வைத்தபிறகு திருமயமும் திருச்சியும் அடங்கிவிட்டன. ஆனால் சிலர் '(லேட்)' என்று பேருக்குப் பின்னால் போடச் சொல்வார்கள், அதையும் சிவப்பு விதியில் சேர்த்தேன். முன்னால் திரு, பின்னால் லேட். எடிட்டர் மேலிருந்து கீழே விதிகளைப் பார்க்கிறது. முதலில் பச்சை விதியைப் பார்த்துவிட்டால் திருவைக் கண்டதும் பச்சை அடித்துவிட்டு, அடுத்த விதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். லேட் என்பது அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஆக, போனவர்களுக்கான விதியை மேலே ஏற்றி, இருக்கிறவர்களுக்கான விதியைக் கீழே இறக்கினேன். இது என்ன தலைகீழாக இருக்கிறதே, இருக்கிறவர்களை அல்லவா முதலில் கவனிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாஸ்கர் தாள்கட்டைப் பிரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "இதுல என்னக்கா தலைகீழு? எந்த வீட்ல செத்தவுகளுக்குப் படைக்காம கல்யாணப் பந்தி போட்டுருக்காக?"

சிவப்பு

எல்லாம் சரியாக வருகிறது என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் அது. வடகாட்டுப் பக்கமிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்கள். மணமகளின் சகோதரன் என்று ஒரு பேர். தெய்வத்திரு போடச் சொன்னார்கள். பைக்கில் போனவன், திரும்பவில்லை.

பேர்கள் சரியா என்று பார்க்க இருவரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். எல்லாப் பேரும் பச்சையாக ஓடிவந்து, அந்த ஒரு வரி மட்டும் கறுப்புத் திரையில் சிவப்பாக நின்றது. அப்பா படித்துக்கொண்டே போனார். அம்மா அந்த வரியைவிட்டு நகரவில்லை. கொஞ்சநேரம் கழித்து, புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தது. தூசி என்று நினைத்துத் துடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே சிவப்பை எடுத்துவிட்டுக் கத்திரிப்பூக் கலர் போட்டேன், இன்றுவரை அதுதான். அவர்களை எழுந்திருக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தம்மா கேட்டது: "அக்கா, ரோட்டுல பாத்தது பத்தாதா? இங்கயும் அந்தக் கலராவா இருக்கணும்?"

மொட்டைப் பேர்

மூன்றாவதாக ஒரு கலர் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் தாய்மாமன்மார். ஒரு சடங்குப் பத்திரிகையில் மாமன்மார் வரிசையில் எல்லாருக்கும் திரு இருந்து, ஒருத்தருக்கு மட்டும் விட்டுப்போனது. அந்த வீட்டுக்காரர்கள் எழுதிக்கொடுத்ததே அப்படித்தான். ஆனால் அந்த மாமன் சீர்த்தட்டோடு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். பாஸ்கரைக் கூப்பிட்டு அனுப்பி விளக்கம் கேட்டார்கள்.

அதன்பிறகு, வரியின் ஆரம்பத்தில் திருவோ திருமதியோ தெய்வத்திருவோ எதுவும் இல்லாமல் பேர் மொட்டையாக நின்றால் அந்த வரி மஞ்சள் என்று ஒரு விதி எழுதினேன். மற்ற விதியெல்லாம் பார்த்து முடித்தபிறகு மிச்சம் கிடக்கிறதை எடுத்துக்கொள்கிற விதி என்பதால், அது எல்லாவற்றுக்கும் அடியில். மஞ்சளைக் கண்டால் நிறுத்திக் கேட்டுவிடுவேன். அந்த மாமன் அன்றைக்கு வாசலில் நின்று கேட்டதை எனக்கு பாஸ்கர் வந்து சொன்னார்: "எல்லாரும் சட்டை போட்டு நிக்கிறாக, நான் மட்டும் வெறும் ஒடம்போட நிக்கிறேன். உள்ள வான்னா எப்புடி வாரது?"

வள்ளிக்கண்ணு

வள்ளிக்கண்ணு கீரமங்கலம் சந்தையில் பூக்கட்டி விற்கிற பெண். கணவர் செல்வராசு வெளிநாட்டு வேலைக்குப் போனபோது மகள் சுகன்யா பள்ளிக்கூடப் பிள்ளை. போன புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். பிறகு வேறு கம்பெனிக்கு மாறப்போவதாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு போன் இல்லை. ஏஜென்டைக் கேட்டார்கள், கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டார்கள், கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு நடந்தார்கள். இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. சுகன்யா நர்ஸ் படிப்பு முடித்து, இப்போது கல்யாணம். மாப்பிள்ளை பொன்னமராவதிப் பக்கம்.

பேர்களை அது சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மணமகளின் தாத்தா, அப்பத்தா, இருவரும் காலமானவர்கள், கத்திரிப்பூ. பெரியப்பா முத்துக்கருப்பன், பச்சை. அப்பா என்ற இடத்தில் "செல்வராசு" என்றது. அடித்தேன், மஞ்சள். "முன்னால என்ன போட?" என்று கேட்டேன். ஒன்றும் போடவேண்டாம் என்றது. திரு போடலாமே என்றேன். திரு போட்டால் பங்காளிகள் 'ஆளைக் காட்டு' என்பார்களாம். தெய்வத்திரு போட்டால்? அப்போதுதான் அது நெற்றியில் இருந்த பொட்டைத் தொட்டுக்கொண்டு சொன்னது: "அப்புடிப் போட்டா இதை அழிச்சுப்புட்டு ஒரு மூலையில நிக்கணும்க்கா. தாலித் தட்டு எல்லார் கைக்கும் போவும், என் கைக்கு மட்டும் வராது. நான் பெத்த புள்ளைக்கு ஏறப்போற தாலிய நான் தொட்டுக் கொடுக்க வேண்டாமா?"

முத்துக்கருப்பன் கையில் வாழை இலை

மறுநாள் காலையில் முத்துக்கருப்பன் வந்தார். செல்வராசுவின் அண்ணன். விவசாயம். சட்டையில் பம்புசெட்டு எண்ணெய்க் கறை. வந்ததுமே, "தம்பி பேருக்கு முன்னால தெய்வத்திரு போட்டுருங்க, பங்காளிக எல்லாம் பேசி முடிவு பண்ணியாச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வள்ளிக்கண்ணு சொன்னது காதிலேயே நின்றது. "அந்தப் புள்ளைய மூலையில நிறுத்துறதுக்கு இம்புட்டு அவசரமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, வயசு, வாயை அடக்க முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆத்தாள் சாகும்போது தம்பி பேரைச் சொல்லிக்கொண்டே போனதாகச் சொன்னார். தம்பியைத் தூக்கி வளர்த்ததே தான்தான் என்றார். பேச்சு அங்கங்கே நின்று நின்று வந்தது. எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு பேருமே அந்த ஒரு ஆளுக்காகத்தான் தவிக்கிறார்கள். ஒருத்தருக்கு ஆறுதலான வார்த்தை மற்றவருக்குக் கத்தி. கடைசியாக அவர் சொன்னது: "வருசா வருசம் திதியன்னைக்கு அப்பாவுக்கு ஒரு எலை போடுறேன், ஆத்தாளுக்கு ஒரு எலை போடுறேன். மூணாவது எலைய கையில வச்சுக்கிட்டு, போடவா வேணாமான்னு நிக்கிறேன்க்கா. எம்புட்டு வருசம் நிக்கிறது?"

கலர் மாறியது

"ஒருக்கா எப்புடி வருதுன்னு பாத்துர்றேன்" என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். கலர் எதற்கென்று கேட்டார், சொன்னேன். அப்பா பேரையும் ஆத்தா பேரையும் கத்திரிப்பூக் கலரில் பார்த்துத் தலையை ஆட்டினார். தன் பேரைப் பச்சையில் பார்த்தார். தம்பி பேர் மஞ்சளாக இருந்தது. அது என்ன என்றார். "எந்தப் பக்கமுன்னு பேருக்கு முன்னால இன்னும் ஒண்ணும் போடலை, அதான்" என்றேன்.

அவர் சொன்னபடியே அந்தப் பேருக்கு முன்னால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். தெய்வத் என்று வரும்வரை மஞ்சள். திரு என்று வந்தது, அப்போதும் மஞ்சள். கடைசிப் புள்ளியை வைத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் மஞ்சள் போய், அப்பா ஆத்தாவோடு சேர்ந்து ஒரே நிறமாகிவிட்டது. வருஷக்கணக்கில் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு விஷயம் ஒரு புள்ளியில் முடிந்துபோனது. முத்துக்கருப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. கை திரைக்கு முன்னால் நீண்டு, தொடாமல் நின்றது. "எடுங்கக்கா. எடுங்கங்குறேன்ல! என் கையாலயே கொன்ன மாதிரில்ல இருக்கு!"

பெரியப்பாவின் யோசனை

எடுத்துவிட்டேன். மறுபடி மஞ்சள் வந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார். பாஸ்கர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் அதோடு முடியவில்லையே. திரையில் மஞ்சளாக இருப்பது தாளில் மொட்டையாக இருக்கும். இத்தனை திருவுக்கும் தெய்வத்திருவுக்கும் நடுவில் ஒரு மொட்டைப் பேர். பத்திரிகையைப் பிரிக்கிற ஒவ்வொருத்தரும் அதில்தான் விரலை வைப்பார்கள். தாலித் தட்டு வள்ளிக்கண்ணு கைக்கு வருவதற்கு முன்னால் அந்த விரல் வந்துவிடும்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார். "என் பேருக்கு முன்னால இருக்கறதை எடுங்க" என்றார். எடுத்தேன், மஞ்சள். "அப்பாவுது." எடுத்தேன். "ஆத்தாளுது." எடுத்தேன். "மாமன்மாருது, பங்காளிகளுது, அம்புட்டும்." எனக்குச் சடங்கு வீட்டு வாசலில் நின்ற அந்த மாமன் நினைப்பு வந்தது. சண்டை வரும் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் பேரும் இதில் இருக்கிறதே என்றேன். அவர் அங்கேயே நின்று சம்பந்திக்கு போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சம்பந்தி பேசியது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது: "எங்க பேரையும் அப்புடியே போடுங்க சம்பந்தி. சட்டமா என்ன, நம்மளா வச்சுக்கிட்டதுதானே."

மஞ்சள் திரை

திரை முழுக்க மஞ்சள். இத்தனை காலம் எதைக் கண்டால் கையை நிறுத்தவேண்டும் என்று எழுதி வைத்தேனோ, அது மேலிருந்து கீழ்வரை. போனவர் யார், இருப்பவர் யார், நடுவில் நிற்பவர் யார் என்று பார்த்தால் தெரியாது. தாத்தாவும் பேத்தியும் மகனும் ஒரே மாதிரி.

வள்ளிக்கண்ணு பார்த்துக் கையெழுத்துப் போட வந்தது. கூடையில் மீந்த மல்லிகை. ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தது. முதலில் அதற்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் விட்டுப்போச்சே என்று என்னைப் பார்த்தது. பெரிய மச்சான் சொல்லித்தான் எடுத்தேன், உன் வீட்டுக்காரர் மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்றுதான், என்றேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டது. கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அது அழுது நான் பார்க்கவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "அவுக பெத்தவுக பேருக்கு முன்னால இருந்ததையுமா எடுக்கச் சொன்னாக? மச்சானுக்கு எம்புட்டு வலிச்சிருக்கும்!"

தாலித் தட்டு

கல்யாணத்துக்கு நானும் பாஸ்கரும் போயிருந்தோம். வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சிலர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். மாமன் ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சீரோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். முத்துக்கருப்பன் வாசலில் நின்று ஒவ்வொருத்தரிடமும் "நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

தேங்காயின் மேல் தாலியை வைத்துத் தட்டு எடுத்தார்கள். முத்துக்கருப்பனின் சம்சாரம் தட்டோடு மேடையிலிருந்து இறங்கியது. வள்ளிக்கண்ணு மேடைக்குப் பக்கத்தில், பொட்டும் பூவுமாக, ஆனால் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருத்தர், குடும்பத்தில் மூத்த பங்காளி, தட்டைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். "புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியலை, அந்தக் கையில எப்புடிப்பா தட்டைக் குடுப்பீக?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். மேளக்காரர்கூட வாசிப்பைக் குறைத்துவிட்டார். வள்ளிக்கண்ணு தலை குனிந்தது. கை தானாகப் பின்னால் போய்விட்டது.

முத்துக்கருப்பன் சம்சாரத்திடமிருந்து தட்டைத் தானே வாங்கினார். நேராகத் தூணுக்குப் போய் வள்ளிக்கண்ணு முன்னால் நீட்டினார். அது கை எடுக்கவில்லை. அவர் நகரவும் இல்லை. மேடையிலிருந்து சுகன்யா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை மெல்ல வந்து தாலியின் மேல் விழுந்தது, பிறகு இன்னொரு கை. கண்ணை மூடிக்கொண்டு, எடுக்க மனசில்லாமல், வைத்தபடியே நின்றது. அதுவரை அசையாமல் தட்டைத் தாங்கிக்கொண்டு, முத்துக்கருப்பன் அந்தப் பெரியவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தெரியலைன்னு நீங்களே சொல்றீகள்ல சித்தப்பா? தெரியற வரைக்கும் தட்டு மொதல்ல அவ கைக்குத்தான் போவும்."

இத்தனை விதி எழுதியும் ஒரு விதிகூட உதவாமல் முழுக்க மஞ்சளாக நின்ற அந்த ஒரு பத்திரிகையில்தான், பிழை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருத்தரும் என் கடைப்படி ஏறவில்லை.